கட்டையில் வெட்டிய வெளிச்சம்



திரையில் இருக்கும் இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்போம். கரிய வெளியில் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மிதக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி, ஆவிகளின் பெரும் ஓட்டம் ஒன்று சுழன்று போகிறது. ஓரத்துப் பாறையில் இரண்டு பேர் நின்று பார்க்கிறார்கள். ஒருவர் தாந்தே, மற்றவர் அவருக்கு வழிகாட்டும் ரோமானியக் கவி வெர்ஜில். மிதப்பவர்கள் பிரான்செஸ்கா, பாவோலோ என்ற காதலர்கள். வரைந்தவர் குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சு ஓவியர். வெளிவந்த ஆண்டு 1861.

இந்தப் படத்தில் இருக்கும் கறுப்பை யாரும் தீட்டவில்லை. அச்சுக்கட்டையில் உளி படாமல் நின்ற மரம்தான் அந்தக் கறுப்பு. உளி பட்ட இடமெல்லாம் வெள்ளை. செதுக்குகிறவர் கட்டையைக் கையில் எடுக்கும்போது அது முழு இருட்டு. அதில் அவரால் சேர்க்கக் கூடியது வெளிச்சம் ஒன்றுதான். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவதைப் போல, வெள்ளைக் கோடுகளாலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிரான்செஸ்காவின் தோள் வளைவு அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கீறல்களால் ஆனது. மறுமையைப் பாடிய தாந்தேயின் காவியத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் வாய்த்தது பெரும் பேறு என்று நான் நினைக்கிறேன். இன்று பேசப் போவது அதைப் பற்றித்தான். காவியத்தைவிட, காவியத்தைத் தகட்டிலும் கட்டையிலும் வெட்டியவர்களைப் பற்றி.

காவியத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தாந்தே அலிகியேரி 1265-ல் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர் அரசியலில் அவருடைய கட்சி தோற்றது. 1302-ல் நாடு கடத்தப்பட்டார். 1321-ல் ரவென்னாவில் இறக்கும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அந்த அலைச்சல் காலத்தில் எழுதியதுதான் ‘தெய்வீக இன்பியல்’. டிவைன் காமெடி என்று நாம் கேள்விப்படும் நூல் இதுவே. நரகம், பாவக் கறை நீங்கும் உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என்று மூன்று காண்டங்கள், 100 படலங்கள், 14,233 அடிகள். 1300-ஆம் ஆண்டின் புனித வாரத்தில், உயிரோடிருக்கும் ஒரு மனிதன் இந்த மூன்று உலகங்களையும் நடந்து பார்த்துவிட்டு வருவதாகக் கதை.

நடந்து பார்ப்பதாக என்று சொன்னேன். அது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. தாந்தேயின் மறுமையில் சரிவு உண்டு, பாலம் உண்டு, கால் சறுக்கும் கல் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினார்கள், சூரியன் எந்தத் தோளுக்குப் பின்னால் இருந்தது என்பதையெல்லாம் கவி குறித்து வைக்கிறார். நரகம் பூமிக்குள் இறங்கும், புனல் வடிவான ஒரு பெரும் பள்ளம். அதன் அடியில் உறைந்த ஏரி. மறுபக்கம் கடலிலிருந்து எழும் மலைதான் உத்தரிக்கிற ஸ்தலம். இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டால் ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? கையெழுத்துப் பிரதிகளின் காலத்திலேயே நுண்ணோவியங்கள் வந்துவிட்டன.

இந்தக் காவியத்துக்குள்ளேயே அப்படிப்பட்ட ஓவியர் ஒருவர் வருகிறார். உத்தரிக்கிற ஸ்தலத்தில், செருக்குக்குக் கழுவாயாகப் பாறை சுமந்து குனிந்து நடப்பவர்களில் ஒருவர் ஓதெரீசி. குப்பியோ ஊரைச் சேர்ந்தவர். ஏடுகளுக்கு வண்ணப்படம் எழுதியவர். தாந்தே அவரைப் புகழ்ந்து அழைக்கிறார். ஓதெரீசியோ, இப்போது புகழ் என்னைவிட்டு வேறொருவருக்குப் போய்விட்டது, ஓவியத்தில் சிமாபுவேயின் இடத்தைச் சோத்தோ எடுத்துக்கொண்டதைப் போல, என்று பதில் சொல்கிறார். புத்தகத்துக்குப் படம் போட்டவருக்கும் மறுமையில் ஓர் இடம் தந்து, அவரைப் பேசவும் வைத்தது இந்தக் காவியம். பின்னால் இதற்குப் படம் வெட்டிய ஒவ்வொருவரும் இந்தப் படலத்தையும் படித்திருப்பார்கள்தானே என்று எண்ணும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அச்சுக்கு வருவோம். முதல் அச்சுப் பதிப்பு 1472-ல் ஃபொலிஞோ நகரில் வந்தது. அதில் படம் கிடையாது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1481-ல், புளோரன்ஸ் தன் கவியைத் தானே அச்சிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள விரும்பியது. கிறிஸ்தோஃபொரோ லாந்தினோ என்ற அறிஞர் உரை எழுதினார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்சுக்காரர் ஒருவர் அச்சிட்டார். ஒவ்வொரு படலத்தின் தலைப்பிலும் படத்துக்கென்று இடம் விட்டு எழுத்துக் கோத்தார்கள். படங்கள் சாந்த்ரோ பொத்திச்செல்லியின் கற்பனை; செப்புத் தகட்டில் வெட்டியவர் பாச்சோ பால்தினி என்ற பொற்கொல்லர் என்று கருதப்படுகிறது. தகட்டில் வெட்டி அச்செடுக்கும் கலையே பொற்கொல்லர் பட்டறையில் பிறந்ததுதான். வெள்ளித் தட்டில் கோலம் கீறிப் பழகிய கைகள் அவை.

அந்தத் திட்டம் பாதியில் உடைந்தது. நூறு படலங்களில் 19-க்கு மட்டுமே தகடுகள் உருவாயின. எல்லாம் நரகக் காண்டத்தின் தொடக்கப் பகுதி. பெரும்பாலான பிரதிகளில் முதல் இரண்டு மூன்று படங்கள்தான் பக்கத்தின் மீதே அச்சாயிருக்கின்றன. சில பிரதிகளில் மிச்சப் படங்களைத் தனித் தாளில் அச்சிட்டு, வெட்டி, விட்ட இடத்தில் ஒட்டினார்கள். மற்றவற்றில் அந்த இடங்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன.

தடங்கலின் ஒரு பாதி தொழில்நுட்பத்தில் இருந்தது. அச்செழுத்தில் மை மேட்டில் ஒட்டும். செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் தங்கும். ஈரத்தாளைத் தகட்டின் மேல் வைத்து, உருளைகளுக்கு நடுவே நசுக்கித்தான் அந்த மையை வெளியே இழுக்க முடியும். ஆக, இரண்டும் ஒரே அழுத்தியில் ஓடாது. எழுத்து அச்சான தாளை மறுபடி ஈரமாக்கி, விட்ட இடத்தில் சரியாக உட்கார வைத்து, இரண்டாம் முறை அச்சிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அந்தத் தாள் வீண். அந்த ஆண்டே பொத்திச்செல்லியும் சிஸ்டைன் சிற்றாலயச் சுவர்களில் வரைவதற்காக ரோமுக்கு அழைக்கப்பட்டுவிட்டார்.

ஆனாலும் பொத்திச்செல்லி தாந்தேயை விடவில்லை. மெடிச்சி குடும்பத்தின் இளைய கிளையைச் சேர்ந்த ஒருவருக்காக, ஆட்டுத்தோல் தாள்களில் காவியம் முழுவதையும் வரையத் தொடங்கினார். அவற்றில் 92 தாள்கள் கிடைத்திருக்கின்றன: 85 பெர்லினில், 7 வத்திக்கானில். இவை அச்சுப் படங்கள் இல்லை என்றாலும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மோட்சக் காண்டத்துக்கு வந்ததும் அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். காட்சிகள் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு வட்டம், அதற்குள் தாந்தேயும், மோட்சத்தில் அவருக்கு வழிகாட்டும் பெயாத்ரிசும், சுற்றிச் சின்னச் சின்னச் சுடர்கள். படலத்துக்குப் படலம் ஏறக்குறைய இதேதான். மாறுவது முகங்களின் சாய்வும் கைகளின் அசைவும் மட்டும். வெளிச்சத்தை எப்படி வரைவது என்ற கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர் அவர். கோட்டைக் குறைத்துக்கொண்டே போவது அவர் கண்ட விடை. அதே கேள்வி அச்சுக்காரர்களுக்கும் காத்திருந்தது.

அடுத்த நூறு ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1487-ல் பிரெஷாவிலும், 1491-ல் வெனிஸிலும் மரச்செதுக்குப் படங்களோடு பதிப்புகள் வந்தன. மரக்கட்டையில் மை மேட்டில் ஒட்டுவதால் எழுத்தோடு சேர்த்தே அச்சிடலாம். சிக்கல் தீர்ந்தது. படத்தின் நயமும் குறைந்தது. 1544-ல் வெனிஸில் மார்க்கோலீனி அச்சிட்ட வெல்லுத்தெல்லோவின் பதிப்பு மட்டும் தனித்து நிற்கிறது. அதில் நரகத்தின் வட்டங்களை மேலிருந்து பார்ப்பதாக, நில வரைபடம்போல வெட்டியிருக்கிறார்கள். நரகம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று கணக்குப் போட்ட காலம் அது. 1588 வாக்கில் புளோரன்ஸ் அகாதமியில் இதே பொருளில் இரண்டு சொற்பொழிவுகள் ஆற்றி, மானெத்தி என்ற புளோரன்ஸ்காரரின் கணக்கே சரி, வெல்லுத்தெல்லோ சொன்னது பொருந்தாது என்று வாதிட்ட இளைஞரின் பெயர் கலிலியோ.

பிறகு ரோம், 1793. ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி, தாமஸ் ஹோப் என்ற செல்வந்தருக்காக மூன்று காண்டங்களுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வரைந்தார். தொம்மாசோ பீரோலி அவற்றைச் செம்பில் வெட்டினார். பழைய கிரேக்கக் குடங்களில் இருக்கும் சித்திரங்களைப் போல வெறும் எல்லைக்கோடு. நிழல் இல்லை, பின்னணி அநேகமாக இல்லை. இவற்றை உயிரற்றவை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வெயிலில் நடக்கும்போது தாந்தேயின் உடல் மட்டுமே தரையில் நிழல் விழுத்துகிறது. வெர்ஜிலுக்கு நிழல் இல்லை. எதிரே வரும் ஆன்மாக்கள் அந்த நிழலைப் பார்த்துத் திகைத்து நிற்கின்றன. மறுமையில் நிழல் உயிருள்ளவனின் அடையாளம். நிழலே இல்லாத பிளாக்ஸ்மனின் கோடுகளில் அந்த உலகத்தின் எடையின்மை இருக்கிறது. அவருடைய மோட்சக் காண்டத்துப் படங்கள், வட்டங்களும் வரிசைகளுமாக, நரகத்துப் படங்களுக்கு எந்த வகையிலும் தாழ்ந்தவை இல்லை. ஓவியர்கள் கோயாவும் ஆங்க்ரும் அவரைப் பார்த்துப் பயின்றார்கள்.

இனி வில்லியம் பிளேக். இவரிடம் சற்று நிற்க வேண்டும். கவிஞர் என்று உலகம் அறியும். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில் செதுக்கு வேலை. பதினான்கு வயதில் லண்டனில் ஜேம்ஸ் பஸையரின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தவர். 1824-ல், அறுபது வயதைத் தாண்டி, நோயும் வறுமையுமாக இருந்த அவரிடம் ஜான் லின்னல் என்ற இளம் ஓவியர் தாந்தே வேலையை ஒப்படைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பணமும் கொடுத்துவந்தார். பிளேக் அந்த வயதில் மூலத்தைப் படிப்பதற்காக இத்தாலியன் கற்றுக்கொண்டார். படுக்கையில் கிடந்தபடியே பெரிய தாள்களில் வரைந்தார். 1827-ல் இறக்கும்போது 102 நீர்வண்ணப் படங்கள், முடிந்தும் முடியாமலும். செம்பில் வெட்டத் தொடங்கியவை 7. ஏழும் நரகக் காண்டத்தைச் சேர்ந்தவை.

ஏழில் பெரும் புகழ் பெற்றது ஐந்தாம் படலத்துப் படம். பிரான்செஸ்காவும் பாவோலோவும்தான். கதை இது: பிரான்செஸ்கா ரிமினியின் மலத்தெஸ்தா குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். பாவோலோ அவள் கணவனின் தம்பி. இருவரும் சேர்ந்து லான்சலட்டின் காதல் கதையை வாசித்துக்கொண்டிருந்தபோது மனம் பறிகொடுத்தார்கள். கணவன் இருவரையும் கொன்றான். நரகத்தில் ஓயாத சூறைக்காற்று அவர்களை அடித்துக்கொண்டு போகிறது. பிரான்செஸ்கா தன் கதையைச் சொல்லி முடிக்க, தாந்தே மயங்கி விழுகிறார். பிளாக்ஸ்மன் இதே கதையில் அந்த வாசிப்பு நேரத்து முத்தத்தையும், பின்னால் மறைந்து வரும் கணவனையும் ஒரு தகட்டில் காட்டினார். பிளேக் வேறு எதையோ பார்த்தார். அவர் படத்தில் காற்று ஒரு பெருங்கயிறாகத் திரிந்து, மனித உடல்களையே புரிகளாகக் கொண்டு, நீரிலிருந்து எழுந்து வளைந்து மேலே போகிறது. கரையில் தாந்தே கிடக்கிறார். காதலர்கள் ஒரு தீ நாக்குக்குள். வெர்ஜிலின் தலைக்கு மேலே சூரியனைப் போன்ற ஒரு வட்டம், அதற்குள் அதே காதலர்களின் தழுவல்.

அந்த வட்டம் தாந்தேயின் வரிகளில் இல்லை. பிளேக் வைத்தது. தண்டிக்கும் கடவுளைப் பிளேக் ஏற்றுக்கொண்டதே இல்லை. காவியத்தை மதித்துக்கொண்டே, அதன் தீர்ப்போடு செம்பில் வாதாடினார். நரகத்தின் நடுவில் சூரியனை வைக்க அவர் செய்தது என்ன? அந்த வட்டத்துக்குள் அதிகம் கீறவில்லை. தகட்டில் கீறாத இடம் மை பிடிக்காது. தாளின் வெள்ளை அப்படியே நின்று ஒளிரும். கீறிய கோடுகள் எல்லாம் அதிலிருந்து கதிர்களாகத் தெறித்து ஓடுகின்றன. இரண்டு ஊடகங்களும் எவ்வளவு எதிரெதிர் என்று கவனியுங்கள். செம்பில் தொடாமல் விட்டால் வெளிச்சம். மரத்தில் தொட்டால்தான் வெளிச்சம். ஐந்தாம் படலத்தின் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவர்களுக்கு, பிளேக்கின் காதலர்கள் ஒளியால் காப்பாற்றப்பட்டவர்களாகவும், டோரேயின் காதலர்கள் இருட்டிலிருந்து பிடுங்கியெடுக்கப்பட்டவர்களாகவும் தெரிவார்கள்.

பிளேக்கின் படங்களை லின்னலின் குடும்பம் 1918 வரை வைத்திருந்து விற்றது. லண்டன், மெல்போர்ன் முதல் அமெரிக்காவரை அவை பிரிந்துபோயின. ஒரே அறையில் அந்த நூற்றிரண்டையும் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் எளிதில் கிடைக்காது.

இப்போது டோரே. 1832-ல் ஸ்திராஸ்பூர் நகரில் பிறந்தவர். பதினைந்து பதினாறு வயதிலேயே பாரிஸ் நகைச்சுவை இதழில் சம்பளத்துக்குப் படம் போட்டவர். உலக இலக்கியத்தின் பெரும் நூல்களையெல்லாம் பெரிய அளவில், படங்களோடு கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. தாந்தேயில் தொடங்கினார். அஷேத் பதிப்பகம் தயங்கியது. நூறு பிராங்கு விலை வைக்க வேண்டிய ஒரு புத்தகத்தை யார் வாங்குவார்கள்? டோரே தன் கைப்பணத்தைப் போட்டார். 1861-ல் ‘நரகம்’ 75 முழுப்பக்கப் படங்களோடு வந்தது. மளமளவென்று விற்றது. அதற்குப் பிறகு பதிப்பகங்கள் அவரிடம் தயங்கவில்லை.

டோரே கட்டையை வெட்டியவர் இல்லை. அச்சுக்கட்டைக்குப் பயன்பட்ட பாக்ஸ் என்ற மரம் மெதுவாக வளரும். கல்லைப் போலக் கெட்டி. அதை நீளவாக்கில் அறுக்காமல் குறுக்காக அறுத்தால், நார் தடுக்காத வழுவழுப்பான முகம் கிடைக்கும். அதில் உளி எந்தத் திசையிலும் ஓடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தாமஸ் பியூயிக் இந்த முறையை நிலைநாட்டினார். மரம் பருமனாக வளராது. பெரிய படத்துக்குப் பல துண்டுகளைச் சேர்த்து முடுக்கியே கட்டை செய்ய வேண்டும். அந்தக் கட்டையின் மேல் டோரே தூரிகையால், மைச் சாயமும் வெள்ளைச் சாயமுமாக, ஓவியம் தீட்டிக் கொடுத்துவிடுவார். கோடுகள் இல்லை, கருமையும் சாம்பலுமான பூச்சு. அதைக் கோடுகளாக மாற்றும் பொறுப்பு செதுக்குகிறவருடையது. இந்தச் சாம்பல் நிறத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கோடு ஓட்டுவது, காற்றுக்கு வளைகோடா நேர்கோடா, சதைக்கு எந்தப் பக்கம் கீறுவது, எல்லாம் அவர் முடிவு. அவர் வெட்ட வெட்ட, டோரேயின் கைப்பட்ட ஓவியம் சுருள் சுருளாகச் சீவப்பட்டுப் போகும். திரும்பிப் பார்த்துச் சரிசெய்ய மூலம் இருக்காது.

‘நரகம்’ தொகுதியில் முன்னிற்கும் அந்தக் கை எலியோதோர் பிசான் என்பவருடையது. மார்செய்யில் பிறந்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த டான் கிஹோட்டே படங்களையும் அவர்தான் வெட்டினார். படங்களின் அடியில் ஒரு மூலையில் டோரேயின் பெயரும் மறு மூலையில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். மலிவுப் பதிப்புகளில், படத்தை ஓரம் நறுக்கி அச்சிடும்போது, அந்தப் பெயர்கள்தான் முதலில் போகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. பதின்மூன்றாம் படலத்தில், தற்கொலை செய்துகொண்டவர்கள் முள்மரங்களாக நிற்கும் காட்டைப் பாருங்கள். மரப்பட்டையின் சுருக்கங்களுக்குள் விலா எலும்பும் முழங்கையும் முகமும் தெரிகின்றன. எது மரம், எது மனிதன் என்று கண் தடுமாறுவதற்குக் காரணம், இரண்டையும் ஒரே கோட்டால் வெட்டியிருப்பதுதான். அந்த முடிவு உளியால் எடுக்கப்பட்டது. உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு நேரான, ஈரமற்ற கோடுகள். சூறைக்காற்றுக்கு நீண்ட, ஒரே மூச்சில் ஓடும் கோடுகள்.

இந்தக் கட்டைகளிலிருந்து மின்பகுப்பு முறையில் செப்பு நகல்கள் எடுக்க முடிந்தது. அதனால் மூலக்கட்டை தேயாமல் பல நாடுகளுக்குப் படங்கள் போயின. 1866-ல் லண்டனில் காசெல் நிறுவனம் கேரியின் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. பிற மொழிகளும் தொடர்ந்தன. 1911-ல் இத்தாலியில் ‘நரகம்’ மௌனப் படமாக எடுக்கப்பட்டபோது, காட்சிகளை டோரேயின் படங்களைப் பார்த்தே அமைத்தார்கள். நரகம் என்றதும் இன்று உலகின் பெரும்பகுதி மக்கள் மனத்தில் காணும் பாறையும் இருளும் இங்கிருந்து வந்தவை.

‘உத்தரிக்கிற ஸ்தலம்’, ‘மோட்சம்’ இரண்டும் சேர்ந்து 1868-ல் வந்தன. முன்னதற்கு 42 படங்கள், பின்னதற்கு 18. எண்ணிக்கை சரிந்து வருவதைப் பார்த்து, டோரேக்கு நரகம்தான் பிடித்தது, மற்றவை கடமைக்காக என்று சொல்லிவிடுகிறார்கள். நான் இதை மறுக்கிறேன். மோட்சத்தில் நிலமில்லை, பாறையில்லை, நிழலுக்கு வழியில்லை. ஆன்மாக்கள் வெளிச்சத்துக்குள் வெளிச்சமாக இருக்கின்றன. கருப்பு மையை மட்டுமே அறிந்த ஒரு கலைக்கு இதைவிடக் கடினமான வேலையைக் கொடுக்க முடியாது. பொத்திச்செல்லி கோட்டைக் குறைத்தார். பிளாக்ஸ்மன் நிழலை ஒதுக்கினார். டோரேயும் அவருடைய செதுக்குக்காரர்களும் எதிர்த்திசையில் போனார்கள். கோட்டைப் பெருக்கினார்கள்.

மோட்சக் காண்டத்தின் முடிவை நெருங்கும் அந்தப் படம் இதோ. ஒரு மேகத் திட்டின் மேல் முதுகு காட்டி நிற்கும் இரண்டு சிறிய உருவங்கள், தாந்தேயும் பெயாத்ரிசும். அவர்களுக்கு முன்னால் வானம் முழுவதும் தேவதூதர்களின் வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, உள்ளே போகப் போகச் சிறுத்து, பிறகு தூதர்கள் என்று பிரித்தறிய முடியாதபடி வெறும் கீற்றுகளாகி, நடுவில் வெள்ளை. வெளி வளையங்களில் கோடுகள் தடித்து நெருங்கியிருக்கின்றன. ஒவ்வொரு வளையத்துக்கும் அவை கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் விலகுகின்றன. எந்த இடத்திலும் ஒரு தாவல் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் வளையம் உடைந்து வெறும் கோடாகிவிடும். நடுவட்டத்துக்கு வந்ததும் கட்டையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மேல்முகம் முழுவதையும் சீவி எடுத்துவிட்டார்கள். அங்கே மை உருளை படவே படாது. நாம் பார்ப்பது தாள்.

இந்தத் தொகுதிகளின் பழைய பதிப்புகள் பலவற்றை இன்று இணையத்தில் முழுதாக, ஓரம் நறுக்காமல் பார்க்கலாம். மூன்றாம் காண்டத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.  இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். படங்களைத் திரையிலேயே விட்டுவைக்கிறேன்.